மாப்பிள்ளை ரூம்

பவுல்ராஜ் சார் கோயில் படியில் வழுக்கி விழுந்துவிட்டார் என்பதுதான் பங்குக் கோயில் சனம் முழுக்கப் பேச்சு. விழுந்ததிலும் எவ்வளவு மரியாதை! கிறிஸ்துமஸ் நெருங்குகிற ஞாயிற்றுக்கிழமை, காலை முதல் பூசை. அவர்கள் தெருக் குடும்பங்களெல்லாம் சேர்ந்த அன்பியத்துக்குத்தான் அன்றைக்கு வழிபாட்டு முறை. பீடத்தில் ஏறி முதல் வாசகம் வாசித்துவிட்டு வந்த மனுஷன், வெளியே இறங்கும்போது இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். இதைவிடப் பக்தியாக ஒருத்தர் எலும்பை உடைத்துக்கொள்ள முடியாது என்பது போலத்தான் ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்கள் பேசினார்கள்.

கட்டிலில் கிடந்த அவருக்கும், பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து வந்தவர்களுக்கெல்லாம் கொய்யா நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த அவர் பெண்டாட்டி சகாயசெல்விக்கும் மட்டும் ஒரு விஷயம் தெரியும். அவர் கோயில் படியில் விழவே இல்லை.

"படியில தண்ணி கெடந்துச்சாக்கும்?" என்று கேட்டாள் எதிர்வீட்டு அன்னாள் அக்கா.

"ஆமாக்கா. ராத்திரி பூரா மழைல்ல."

மழை பெய்தது உண்மை. படியில் தண்ணீர் கிடந்ததும் உண்மை. இரண்டு உண்மையைச் சேர்த்துக் கட்டினால் ஒரு பொய் இவ்வளவு உறுதியாக நிற்கும் என்று சகாயசெல்விக்கு அதுவரை தெரியாது. அன்னாள் அக்கா கட்டில் பக்கம் குனிந்து, "ஆண்டவர் சோதிக்கிறாரு சார், கைவிட மாட்டாரு" என்றாள். பவுல்ராஜ் கண்ணைத் திறக்காமல் "ம்" என்றார். யார் எதைக் கேட்டாலும் அவருக்கு அந்த ஒரு "ம்" போதும். பொய் சொன்னவள் அவள்; அதற்குத் தலையாட்டுகிற வேலை அவருக்கு.

நடந்தது என்ன என்று சொல்ல வேண்டுமென்றால் அந்த ரூமிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

நம் ஊரில் குடியிருப்பதற்காகத்தான் வீடு கட்டுகிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வருகிறவர்கள் பார்ப்பதற்காகக் கட்டுகிறார்கள்; கட்டியவர்கள் மிச்சமிருக்கிற இடத்தில் இருந்துகொள்கிறார்கள். பவுல்ராஜ் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். திண்டுக்கல்லில் தாடிக்கொம்பு ரோட்டுப் பக்கம் மனை வாங்கி, மகள் கிளாராவுக்குக் கல்யாணம் பேசுவதற்கு முந்தின வருஷம் வீடு கட்டினார்கள். அந்த வீட்டில் இருப்பதிலேயே நல்ல அறைக்கு 'மாப்பிள்ளை ரூம்' என்று பெயர். மாப்பிள்ளை யார் என்று தெரிவதற்கு முன்பே அறை தயாராகிவிட்டது.

ஏசி, இரட்டைக் கட்டில், ஆளுயரக் கண்ணாடி. எல்லாவற்றுக்கும் மேலே, உள்ளேயே பாத்ரூம். சந்தன நிறத்தில் பூப்போட்ட டைல்ஸ், வெந்நீருக்குக் கீசர், நாற்காலியில் உட்காருவது போல உட்காருகிற வெஸ்டர்ன் கக்கூஸ். அந்த டைல்சுக்காகத் திண்டுக்கல்லில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கி, திருப்திப்படாமல் மதுரைக்கும் போய் வந்தாள் சகாயசெல்வி. அன்பியக் கூட்டம் அவர்கள் வீட்டில் நடந்தபோது ஜெபமாலை முடிந்ததும் பெண்கள் எல்லாரும் வரிசையாகப் போய் அந்தப் பாத்ரூமைப் பார்த்தார்கள். "மாப்பிள்ளைக்குன்னே தனியாவா!" என்று ஒருத்தி வாயைப் பிளந்தாள். அன்றைக்குச் சகாயசெல்விக்குச் சோறே இறங்கவில்லை, அம்புட்டு சந்தோஷம்.

அவளும் அவரும் படுப்பது அடுப்படியை ஒட்டின சின்ன அறையில். மற்ற காரியத்துக்குக் கொல்லைப்புறம் போக வேண்டும். வீடு கட்டும்போது கொத்தனார்களுக்காகக் கட்டின கக்கூஸ் அங்கே இருந்தது. குத்த வைத்து உட்காருகிற பழைய வகை. மேலே ஒரு தகரம். கொத்தனார்கள் போய் எட்டு வருஷம் ஆகியும் வீட்டுக்காரர்கள் அதில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை ரூமுக்கு வெளியிலும் ஒரு பூட்டு. திண்டுக்கல்லில் பூட்டுக்கா பஞ்சம்? சாவி சகாயசெல்வியின் இடுப்பில்.

அவளைக் கெட்டவள் என்று நினைத்துவிடக் கூடாது. அவளுக்கும் ஒரு நியாயம் இருந்தது.

அவளுக்குக் கல்யாணமான புதிதில், மறுவீட்டுக்கு அவள் அப்பா வீட்டுக்குப் போனார்கள். தாடிக்கொம்புக்குப் பக்கத்தில் கிராமம். தக்காளியும் வெங்காயமும் போடுகிற சம்சாரி வீடு. அப்பா ஆடு அடித்தார், பக்கத்து வீட்டிலிருந்து மெத்தை வாங்கி வந்து போட்டார். ஆனால் அந்த வீட்டில் கக்கூஸ் கிடையாது. விடிந்ததும் புது மாப்பிள்ளை பவுல்ராஜ் ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு கருவேலங்காட்டுப் பக்கம் நடந்தார். அவர் அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை; வழியில் மாமனாரோடு வெங்காய விலை பேசிக்கொண்டு திரும்பி வந்தார். விஷயம் சகாயசெல்வியின் மாமியார் காதுக்குப் போனதுதான் வினை. அந்த அம்மா அதைச் சாகிறவரைக்கும் விடவில்லை. எந்தக் கல்யாணம், எந்தச் சடங்கு என்றாலும் பந்தியில் உட்கார்ந்து, "சம்பந்தி வீட்டுல ஒண்ணுங் கொறை சொல்ல முடியாது. ஆடு அடிச்சாக, கோழி அடிச்சாக. மாப்பிள்ளை கையில சொம்பக் குடுத்துக் காட்டுக்கு அனுப்புனாக பாரு, அதுதான் விருந்து" என்று சொல்லும். கூட்டம் சிரிக்கும். பரிமாறிக்கொண்டிருக்கும் சகாயசெல்வி அடுத்த இலைக்கு நகர்ந்துவிடுவாள். அவள் அப்பாவும் பந்தியில் இருக்கும்போது ஒரு தடவை அப்படிச் சொல்லிவிட்டது. அப்பா இலையைப் பார்த்தபடியே சாப்பிட்டு முடித்தார். அதற்குப் பிறகு அவர் மகள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்.

அதனால்தான் அந்த ரூம். தன் மகளை எவளும் பந்தியில் வைத்துச் சிரிக்கக் கூடாது. நல்லபடியாக வாழ்கிற வீடு என்பதற்குச் சகாயசெல்வியிடம் ஒரே ஓர் அளவுதான் இருந்தது: வீட்டுக்கு வருகிற மாப்பிள்ளை எங்கே போகிறார் என்பது. வீட்டிலேயே இருக்கிற மனுஷன் எங்கே போகிறார் என்று அவள் யோசித்ததில்லை. யாரும் அதைக் கேட்டதும் இல்லை.

மாப்பிள்ளையும் வந்தார். ஸ்டீபன்ராஜ். நிலக்கோட்டைப் பக்கம் பூ விவசாயம் பண்ணுகிற குடும்பம். படித்துச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. கிறிஸ்துமசுக்கும் ஈஸ்டருக்கும் கிளாராவைக் கூட்டிக்கொண்டு வந்து இரண்டு மூன்று நாள் தங்குவார். மற்ற நாளெல்லாம் அந்தக் கண்ணாடி தன்னைத்தானே பார்த்துக்கொண்டிருக்கும்.

இதற்கிடையில் பவுல்ராஜின் முழங்கால் போனது. மைதானம் மைதானமாக ஓடி, பிள்ளைகளை ஓட்டி, தேய்ந்துபோன முழங்கால். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. கொல்லைக் கக்கூசின் ஜன்னல் கம்பியில் ஒரு தேங்காய் நார்க் கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டு, அதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு எழுந்தார். கடையிலிருந்து நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கி வந்தார். "சீக்காளி வீடு மாதிரி இருக்கு, யாராச்சும் பாத்தா என்ன நெனப்பாக?" என்று சகாயசெல்வி அன்றைக்கே திருப்பிக் கொடுக்கச் சொன்னாள். கொடுத்துவிட்டு வந்தார். ஒரு நாள் சாப்பிடும்போது பேச்சுவாக்கில், "அந்த ரூமுலதான் ஒண்ணு சும்மா கெடக்குல்ல செல்வி" என்றார். "சும்மா கெடக்கா? நல்லாயிருக்கே! நாளைக்கு அவுக வந்து நிக்கிறப்ப பழசா இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள் அவள். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார். அதோடு சரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நல்ல மழை. கொல்லைப்புறமெல்லாம் சேறு. பவுல்ராஜ் மாப்பிள்ளை ரூம் வாசலில் வந்து நின்றார். டிரில் மாஸ்டராக இருந்தவர், நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி விசில் ஊதினவர், அன்றைக்குக் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

"செல்வி, இன்னைக்கு ஒருநா இதுல போயிக்கட்டுமா? வெளிய ரொம்ப வழுக்குது."

அவள் பூசைக்குச் சேலை கட்டிக்கொண்டிருந்தாள். சாவி இடுப்பில்தான் இருந்தது. கையை நீட்டினால் போதும்.

"நேத்துத்தாங்க ஆசிட் ஊத்திக் கழுவி வச்சேன். கிறிஸ்துமஸ் இந்தா வந்துருச்சு. செத்த நேரந்தான, கொடையப் புடிச்சுக்கிட்டுப் போயிட்டு வாங்களேன்."

அவர் குடையை எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் தொப்பென்று ஒரு சத்தம். அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் ஒருக்களித்துக் கிடந்தார். கையில் அறுந்த கயிறு. நனைந்து இற்றுப்போயிருந்த கயிறு, அவர் எழுந்திருக்கும்போது பாதியில் விட்டுவிட்டது. தகரத்தில் மழை அடித்த சத்தத்தில் அக்கம்பக்கத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

பிடித்துத் தூக்கியதும் எழுந்து நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். "ஒண்ணுமில்ல, சுளுக்குதான்" என்று அவரே சொன்னார். அதை நம்ப வேண்டும் என்று அவளுக்கு ஆசை, நம்பினாள். இடுப்பில் தைலம் தேய்த்துவிட்டாள்.

"பூசைக்கு நீ மட்டும் போயிட்டு வா செல்வி. கால ஊண முடியல."

"வாசகத்துக்கு உங்க பேரக் குடுத்துருக்கேங்க. நம்ம அன்பியம். நாந்தான் காணிக்கைத் தட்டு தூக்குறேன். எல்லாரும் எங்கன்னு கேப்பாக. ஒரு மணி நேரந்தான், பல்லக் கடிச்சுக்கங்க."

பல்லைக் கடித்துக்கொண்டார். ஆட்டோவில் போனார், கோயில் படி ஏறினார், பீடத்தில் ஏறி வாசகம் வாசித்தார். குரல் கொஞ்சம் நடுங்கியது. மனம் உருகி வாசிக்கிறார் என்று கோயிலே நினைத்தது. பூசை முடிந்து வெளியே வந்து இரண்டு படி இறங்கினார். மூன்றாவது படியில் கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. கூட்டம் கூடியது. "வழுக்கிட்டாரா சார்?" என்று யாரோ கேட்டார்கள். அவர் நிமிர்ந்து சகாயசெல்வியைப் பார்த்தார். அவள்தான் சொன்னாள்: "ஆமா, படியில தண்ணி."

அன்றைக்கு மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து துணிமணி எடுக்க வீட்டுக்கு வந்தவள், முதல் வேலையாகக் கொல்லைக்குப் போய், ஜன்னல் கம்பியில் தொங்கிய மிச்சக் கயிற்றை அவிழ்த்து, காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் முள்ளுக்குள் எறிந்தாள். எறிந்த பிறகுதான் தான் செய்வது என்னவென்று அவளுக்கே உறைத்தது. களவாணி வேலை.

எலும்பு டாக்டர் ஹாஃபிஸா அவளைத் தனியாகக் கூப்பிட்டு எக்ஸ்ரேயைக் காட்டினார். "மொதல்ல விழுந்தப்ப சின்னக் கீறலாத்தான் இருந்திருக்கும்மா. அசைக்காமக் கூட்டி வந்திருந்தா ரெண்டு ஸ்க்ரூவோட போயிருக்கும். இப்ப எலும்பு நகந்துருச்சு, மூட்டுப் பந்தையே எடுத்துட்டு வேற வைக்கணும். விழுந்த பெறகு நடந்தாராம்மா? படி கிடி ஏறினாரா?"

"இல்லம்மா. ஆட்டோ வரைக்குந்தான்."

டாக்டர் இன்னொரு தடவை படத்தைப் பார்த்தார். சகாயசெல்வி வெளியே வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரோடு சுவராக நின்றாள். அவர் விழுந்தது மட்டுமில்லை, எலும்பு நகர்ந்ததும் தன்னால்தான். சாவியை எடுத்துக் கொடுக்காததால் ஒன்று, பல்லைக் கடிக்கச் சொன்னதால் ஒன்று. யாரிடமாவது சொல்லி அழ வேண்டும் போல இருந்தது. அந்த நேரம் பார்த்து அன்பியத்துக்காரர்கள் ஹார்லிக்சோடு வந்தார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு மழைத்தண்ணீர்க் கதையைச் சொன்னாள்.

திங்கட்கிழமை கிளாராவும் ஸ்டீபன்ராஜும் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் ஸ்டீபன்ராஜ் கோயில் பக்கம் போய்விட்டுக் கோபமாகத் திரும்பி வந்தார்.

"வயசானவுக ஏறி எறங்குற படியில ஒரு புடிமானம் இல்லேன்னா எப்படி அத்தை? மாமாவுக்கு ஆனது நாளைக்கு இன்னொருத்தருக்கு ஆகும்ல? பங்குச்சாமியாருகிட்டப் பேசிட்டேன். நம்ம செலவுலயே ரெண்டு பக்கமும் எவர்சில்வர் கம்பி போட்டுருவோம், மாமா பேருல."

"அதெல்லாம் எதுக்கு மாப்பிள்ளை, வீண் வேல..." என்று இழுத்தாள் சகாயசெல்வி.

"வீணா? என்னத்தை இப்பிடிச் சொல்றீங்க?"

அவள் கட்டிலைப் பார்த்தாள். பவுல்ராஜ் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கோபமாகத் திருப்பியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவள் சங்கடத்தைப் பார்க்கக் கூடாது என்று திருப்பியது போல இருந்தது.

அடுத்த ஞாயிறு பூசையில் பங்குச்சாமி அதை அறிவித்தார். ஒரு குடும்பம் தன் வேதனையைப் பங்கு மக்களின் நன்மையாக மாற்றியிருக்கிறது என்று நீளமாகச் சொன்னார். எல்லாரும் திரும்பிச் சகாயசெல்வியைப் பார்த்தார்கள். கிறிஸ்துமசுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றபோது, இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று உறுதியாகத்தான் நின்றாள். முழங்கால் போட்டு, "சாமி, நான்..." என்று ஆரம்பித்ததுமே வலைக்கு அந்தப் பக்கமிருந்து, "சார் எப்படிம்மா இருக்காரு?" என்று அன்பாகக் கேட்டுவிட்டார் சாமி. அதற்கு மேல் எங்கே சொல்வது? கோபப்பட்டேன், ஜெபமாலை சொல்ல மறந்தேன் என்று இரண்டு உப்புச்சப்பில்லாத பாவத்தைச் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று சொன்னபோது டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியனுப்பினார்: இனி ஆயுசுக்கும் குத்த வைக்கக் கூடாது, வெஸ்டர்ன் கக்கூஸ்தான். மாப்பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது என்று சகாயசெல்வி யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டீபன்ராஜ், "அப்ப மாமா அந்த ரூமுலயே இருக்கட்டும். நாங்க ஹால்ல படுத்துக்கிறோம்" என்றார். அவ்வளவுதான். எட்டு வருஷம் பூட்டு போட்டுக் காத்த விஷயம் இரண்டு வார்த்தையில் முடிந்துபோனது. இவ்வளவு லேசாகவா என்று அவளுக்கு ஆத்திரமாகக்கூட வந்தது. ஆத்திரம் யார் மேல் என்று யோசித்தால் தன்மேல்தான் வந்து நின்றது.

கிறிஸ்துமசுக்கு மறுநாள் விடியற்காலை பால் வாங்குவதற்குப் பாத்திரம் கழுவக் கொல்லைக்குப் போனாள். கொத்தனார் கக்கூசிலிருந்து கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியோடு வெளியே வந்தார் ஸ்டீபன்ராஜ். சகாயசெல்விக்குப் பாத்திரம் கையிலிருந்து நழுவியது.

"ஐயோ மாப்பிள்ளை! மாமா உள்ள இருக்காருன்னு இங்க வந்தீங்களா? அவரு தூங்கிக்கிட்டுத்தான இருக்காரு, அதுலயே போயிருக்கலாம்ல?"

ஸ்டீபன்ராஜுக்கு வெட்கமாகிவிட்டது. தலையைச் சொறிந்தார்.

"இல்லத்தை. நான் எப்பவும் இங்கதான் போவேன். கல்யாணம் ஆன நாள்லருந்தே. சின்னதுலருந்து பழகிட்டேன், அந்த நாக்காலில உக்காந்தா எனக்குச் சரிப்படல. நீங்க எந்திரிக்கிறதுக்கு முன்னாடி வந்துட்டுப் போயிருவேன். மாமாவுக்குத் தெரியுமே! சில நாள் நானும் அவரும் இங்கதான் ஒருத்தருக்கொருத்தர் காத்துக்கிட்டு நிப்போம்."

அவள் குனிந்து பாத்திரத்தை எடுத்தாள். அவர் இரண்டடி போனவர் திரும்பி, "ஆமா, மாமா இதுல ஒரு கயிறு கட்டியிருப்பாரே அத்தை, காணோம்?" என்றார்.

"இத்துப்போச்சு மாப்பிள்ளை. தூக்கிப் போட்டுட்டேன்."

கிளாராவும் அவரும் கடைக்குக் கிளம்புகிறவரைக்கும் அவள் காத்திருந்தாள். அவர்கள் தலை மறைந்ததும் மாப்பிள்ளை ரூமுக்குள் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பவுல்ராஜ் தலையணையில் சாய்ந்து ஜன்னல் வழியாகத் தூரத்தில் தெரிகிற மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை இந்த ரூம்ல போறதே இல்லையாம்ல. உங்களுக்குத் தெரியுமாம்ல."

"ம்."

"என்ன ம்? தெரிஞ்சா அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? அவரு போகாததுக்கா நீ பூட்டி வச்சிருக்கன்னு ரெண்டு அறை அறைஞ்சு சாவியப் புடுங்கியிருக்கலாம்ல?"

"அறைஞ்சு..." என்று சிரித்தார் பவுல்ராஜ். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "சொன்னா நீ இடிஞ்சு போயிருவ செல்வி. எங்காத்தா சொல்லிச் சொல்லி உன்னயப் பாத்து ஊரச் சிரிக்க வச்சிருச்சு. அப்பல்லாம் நான் ஒரு வார்த்த அதட்டியிருக்கணும். வாயத் தொறக்காம இலையில இருந்ததத் தின்னுட்டு எந்திரிச்சேன். பெறகு நீ இந்த ரூமக் கட்டுன. கட்டுனதுக்கப்பறம் உன் மூஞ்சியில ஒரு தெளிச்சி வந்துச்சு. அதக் கெடுக்க மனசு வரல. கயிறு தாங்கும்னு நெனச்சேன்."

திட்டியிருந்தால் அவள் பதிலுக்கு அழுதிருப்பாள், மனசு கொஞ்சம் இறங்கியிருக்கும். இதற்கு அழுகைகூட வரவில்லை. அவர் எழுந்து பாத்ரூம் போவதற்கு வாக்கரை எடுத்து நகர்த்தி வைத்தாள். அவர் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போய் நின்று, வழக்கம்போல அவளைத் திரும்பிப் பார்த்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து இப்படித்தான். கதவு திறந்தே கிடந்தாலும், அவள் முகத்தைப் பார்த்து, போகலாமா என்று கேட்பது போல ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் உள்ளே போவார்.

கிறிஸ்துமசுக்கு அடுத்த ஞாயிறு, திருக்குடும்ப விழா. அன்றைக்குத்தான் கோயில் படிக் கம்பியை ஜெபம் சொல்லி மந்திரித்தார்கள். பவுல்ராஜ் வீட்டில், மற்ற மூன்று பேரும் போனார்கள். வெயிலில் கம்பி கண்ணைக் கூசியது. கீழ்ப்படியில் அவர் பெயர் வெட்டின சின்னத் தகடு. சாமி தீர்த்தம் தெளித்துவிட்டு, "சாரோட துணைவியார் முதல்ல பிடிச்சு ஏறட்டும்" என்றார். கூட்டம் வழிவிட்டது. சகாயசெல்வி கம்பியைப் பிடித்தாள். நல்ல உறுதியான கம்பி. ஒரு யானையே பிடித்துத் தொங்கினாலும் அசையாது. இதில் கால்வாசி உறுதி அந்தக் கயிற்றுக்கு இருந்திருந்தால் போதும். மேலே போய்ச் சேர்வதற்குள் எல்லாரும் கை தட்டிவிட்டார்கள்.

அவளுக்குப் பின்னால் அன்னாள் அக்கா ஏறி வந்தாள். இடுப்பு வலிக்காரி, இதற்கு முன் இரண்டு பேர் தாங்கிப் பிடித்தால்தான் ஏறுவாள். இன்றைக்குத் தானாக ஏறினாள். மேலே வந்ததும் சகாயசெல்வியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"பாவம் சாரு விழுந்தாரு, எங்களுக்கு வழி பொறந்துச்சு. புண்ணியம் உனக்குத்தாண்டி செல்வி."

சகாயசெல்வி வாயைத் திறந்தாள். "அக்கா, அவரு..." என்று ஆரம்பித்ததும் கண்ணீர்தான் வந்தது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து அன்னாள் அக்கா முதுகைத் தடவிக் கொடுத்தாள். பூசை முடிகிறவரைக்கும் சகாயசெல்வி கைகூப்பியபடியே இருந்தாள். ஒரு ஜெபமும் உள்ளே ஓடவில்லை. இறங்கும்போது கம்பியைத் தொடாமல் படியின் நடுவே இறங்கினாள்.

வழியில் ஸ்டீபன்ராஜ் பிரியாணிப் பொட்டலம் வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் கிளாரா தட்டு எடுக்கப் போனாள். சகாயசெல்வி நேராக மாப்பிள்ளை ரூமுக்குப் போனாள். கட்டிலில் ஆளில்லை. பாத்ரூம் கதவு திறந்திருந்தது.

உள்ளே பவுல்ராஜ் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய சொந்தத் துண்டு தரையில் கிடந்தது. நல்ல காலால் அதைத் தள்ளித் தள்ளி, சந்தன நிற டைல்சில் சிந்தியிருந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. அவளைப் பார்த்ததும் தப்புச் செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரி நின்றுவிட்டார்.

"கொஞ்சம் தண்ணி சிந்திருச்சு செல்வி. கறை புடிச்சா உனக்குப் புடிக்காதுல்ல. பாத்துப் பாத்து எடுத்த டைல்ஸ். நீ போ, ஒரு நிமிசந்தான், முடிஞ்சிரும்."

சகாயசெல்வி அங்கிருந்து திரும்பி ஹாலுக்கு வந்தாள். கிளாரா தட்டில் பிரியாணியைப் பரப்பிக்கொண்டிருந்தாள். ஸ்டீபன்ராஜ் போனில், மந்திரிப்பின்போது எடுத்த படங்களைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, அத அனுப்பாதீங்க."

இருவரும் நிமிர்ந்தார்கள்.

"அப்பா கோயில்ல விழல. பின்னாடி கக்கூசுல விழுந்தாரு. மழையில. கயிறு அந்து போச்சு. விழுந்த மனுசனத்தான் நான் பூசைக்கு இழுத்துட்டுப் போனேன். வரல வரலன்னாரு. எல்லாரும் கேப்பாகன்னு கூட்டிட்டுப் போனேன். கயித்தயும் நாந்தான் முள்ளுக்குள்ள எறிஞ்சேன்."

ஸ்டீபன்ராஜ் போனை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். கிளாரா கத்தவில்லை. கத்தினால் நன்றாக இருக்கும் என்று சகாயசெல்வி காத்திருந்தாள். கிளாரா கையிலிருந்த பருக்கையை உதறாமல் அப்படியே நின்று, ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அன்னைக்கு அப்பா இந்த ரூம்ல போறேன்னு கேட்டாராம்மா?"

"கேட்டாரு."

"சாவி உங்கிட்டத்தான இருந்துச்சு?"

"எங்கிட்டத்தான் இருந்துச்சு."

அப்போது உள்ளேயிருந்து பவுல்ராஜின் குரல் கேட்டது. பழைய டிரில் மாஸ்டர் குரல் இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு வந்த குரல்.

"செல்வி, ஈரமில்லாமத் தொடச்சிட்டேன். வந்து பாத்துக்க."